கட்டளை ஒன்று, வெட்டு வேறு
சிறு மரச்செதுக்குப் பொறியின் அசைவுக் கோளாறுகளைக் கண்டறிதல்: ஒரு பாடம்

கல்முனைக் கரையோரத்தில் வாழும் எமது குடும்பங்களிற் பல ஒரு காலத்தில் வயலை நம்பி வாழ்ந்தவை. போர்க்காலத்தில் வயற்காணிக்குப் போகும் பாதைகள் அடைபட்டன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கரையோரம் முழுவதும் வீடுகளோடு தொழில்களும் அள்ளுண்டு போயின. இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பின்னர் வீடு கட்டுமளவு நிலம் கிடைத்தவர்களிற் பலருக்கும் உழுது விதைக்குமளவு நிலம் கிடைக்கவில்லை. எனவே பிள்ளைகள் கைத்தொழிலை நாடுவது இயல்பே.

அத்தகைய தொழில்களுள் ஒன்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். கணினியின் கட்டளைப்படி கதவுப் பலகையிலும் கட்டில் தலைமாட்டிலும் கொடியும் பூவும் செதுக்கும் சிறு பொறியே அது. இதனைச் சி.என்.சி. பொறி என்பர். பெரிய தொழிற்சாலைகளில் ஓடுவது ஒரு வகை. மேசைமேல் வைத்துப் பூட்டக்கூடியது இன்னொரு வகை. இரண்டாவது வகையை உலகெங்கும் பொழுதுபோக்குக்காக வாங்குவோரே அதிகம். வாரத்தில் ஓரிரு மணி நேரம் விளையாட்டாக ஓட்டுவதற்கென்று செய்த பொறியை, நாம் நாள் முழுவதும் வயிற்றுப்பாட்டுக்காக ஓட்டுகிறோம். கோளாறுகள் அடிக்கடி வருவதற்கு இதுவே முதற் காரணம். அவற்றை நாமே கண்டுபிடித்துத் திருத்தக் கற்றுக்கொண்டால் அன்றி, கடன்பட்டு வாங்கிய பொறி மூலையில் கிடக்கும். கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

1. தறிக்கும் பொறிக்கும் உள்ள உறவு

இப்பொறி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மருதமுனையின் கைத்தறி நெசவு நாடறிந்தது. தறியில் பூவேலை செய்வோர் ஜக்கார்ட் என்ற சொல்லை அறிவர். பிரான்சிய நெசவாளரான ஜோசப் மாரி ஜக்கார்ட் 1804 அளவில் அமைத்த பொறி அது. அட்டையில் துளை இருந்தால் இழை உயரும். துளை இல்லாவிட்டால் தாழ்ந்திருக்கும். இவ்வாறு துணியின் பூவேலை அட்டையில் எழுதப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின், 1952 இல், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் துளையிட்ட நாடாவைப் படித்து இரும்பை வெட்டும் பொறி காட்டப்பட்டது. இன்று துளைக்குப் பதிலாகக் கணினியில் எண்கள். ஆனால் அடிப்படை ஒன்றே: எழுதியதைப் பொறி அசைவாக்குகிறது.

கிராமத்தவருக்கு இது எட்டாத தொழில்நுட்பம் என்று எண்ணவும் வேண்டியதில்லை. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் பாபல் என்ற வறண்ட கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983 இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம், பள்ளியை விட்டு விலகிய கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்தது. கணினியால் இயங்கும் வெட்டும் பொறிகளைக் கொண்ட ‘ஃபேப் லேப்’ எனும் பட்டறை 2002 இல் அங்கே அமைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த அத்தகைய முதற் பட்டறைகளுள் அதுவும் ஒன்று.

2. வாய்க்கால் வழியே நடந்து பார்த்தல்

கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? இங்கினியாகலைக் குளத்தைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கமாட்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடப்பார். நடு மதகில் நீர் உண்டா என்று பார்ப்பார். அங்கே நீர் இருந்தால் உடைப்பு அதற்குக் கீழே. இல்லாவிட்டால் அதற்கு மேலே. இதே முறையைப் பொறிக்கும் கையாளுவோம்.

பொறியின் வாய்க்கால் இவ்வாறு ஓடுகிறது. கணினி ஜி-கோட் எனும் வரிகளை அனுப்புகிறது. கட்டுப்பாட்டு போர்ட் அதைப் படித்து மின் துடிப்புகளாக்குகிறது. இந்த போர்ட்டுகளிற் பலவற்றில் இருப்பது ஜெர்பில் எனும் இலவச மென்பொருள். 2009 இல் நோர்வே நாட்டவர் ஒருவர் எழுதத் தொடங்கியது. துடிப்புகளை டிரைவர் எனப்படும் சிறு அட்டை வாங்கி, மோட்டருக்கு வேண்டிய மின்னோட்டமாக மாற்றுகிறது. பின் வயர், மோட்டர், மோட்டரையும் திருகுதண்டையும் இணைக்கும் கப்ளிங், தண்டு, தண்டில் ஓடும் நட், வண்டில், கடைசியாகப் பலகையைத் தொடும் வெட்டுக் கூர். சில பொறிகளில் தண்டுக்குப் பதிலாகப் பல்லுள்ள பெல்ட்டும் கப்பியும் இருக்கும்.

இதில் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. இதிலுள்ள மோட்டர் ஸ்டெப்பர் மோட்டர்; ஒரு துடிப்புக்கு ஒரு படி நகரும். “ஆயிரம் படி போ” என்று போர்ட் கட்டளையிடுகிறது. மோட்டர் ஆயிரம் படி போனதா, தொள்ளாயிரத்தில் நின்றதா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே “மதகு திறந்தாயிற்று” என்று புத்தகத்தில் பதியும் வட்டவிதானையைப் போன்றது அது. ஆதலால் கணினித் திரையில் காணும் எண் கட்டளை மட்டுமே, சாட்சி அன்று. சாட்சி பலகையில் இருக்கிறது.

3. தொடங்குமுன்

முதலில் பாதுகாப்பு. வெட்டுக் கூரைக் கழற்றிவிட்டே அசைவுச் சோதனைகளைச் செய்ய வேண்டும். வயர்களைத் தொடுமுன் 230 வோல்ட் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். மின்சாரம் உள்ளபோது மோட்டர் வயரைப் பிடுங்கினால் டிரைவர் அந்தக் கணமே எரிந்துபோகலாம். மின்சாரம் இல்லாதபோதும் வண்டிலை வேகமாகத் தள்ளக்கூடாது. மோட்டர் அப்போது மின் பிறப்பாக்கியாக மாறி போர்ட்டைக் கெடுக்கலாம். கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் மரம் வெட்டக்கூடாது. பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

இரண்டாவது, ஒரு கொப்பி. திகதி, மரம், வேகம், ஆழம், என்ன நடந்தது, என்ன மாற்றினோம் என்று எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், பொறி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் இருட்டிலேயே நிற்போம்.

4. மூன்று சோதனைகள்

அடிமட்டம், மூலைமட்டம், பென்சில், வீணான பலகைத் துண்டு ஆகியவையே போதும்.

முதலாவது, அளவுச் சோதனை. கூரின் இடத்தில் பென்சிலைப் பொருத்தி ஒரு புள்ளி இடுங்கள். ஒரு திசையில் 100 மில்லிமீற்றர் போகச் சொல்லி இன்னொரு புள்ளி இடுங்கள். அளந்து எழுதுங்கள். பின் 200 க்கும் 300 க்கும் அதையே செய்யுங்கள்.

இரண்டாவது, திரும்பி வரும் சோதனை. ஒரு புள்ளியிலிருந்து முன்னும் பின்னுமாக ஐம்பது தடவை ஓடவிட்டு, தொடங்கிய புள்ளிக்கே வரச் சொல்லுங்கள். வந்ததா? இதற்கு முன் மோட்டர் தண்டில் ஒரு கோடும், அதற்கு நேரே மோட்டர் முகப்பில் ஒரு கோடும், வண்டிலிலும் சட்டத்திலும் ஒவ்வொரு கோடும் பென்சிலால் இடுங்கள். இவையே எமது நடு மதகு.

மூன்றாவது, வட்டமும் சதுரமும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்றையும், 300 க்கு 400 மில்லிமீற்றர் நீள்சதுரமொன்றையும் பென்சிலால் வரையவிடுங்கள். ஓடாவிமார் மூலை பார்க்கும் கணக்குப்படி நீள்சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 500 ஆக இருக்க வேண்டும்.

5. அடையாளங்களும் காரணங்களும்

அ. பிழை நீளத்தோடு சேர்ந்து வளர்ந்தால்

100 கேட்டால் 50, 200 கேட்டால் 100 என வந்தால் பொறியில் உடைப்பு இல்லை, கணக்கில் உடைப்பு. மில்லிமீற்றருக்கு எத்தனை படி என்ற எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஜெர்பிலில் அது $100, $101, $102 ஆகிய இடங்களில் மூன்று திசைகளுக்கும் தனித்தனியே இருக்கும்.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 சிறுபடிகளாகப் பிரிக்குமாறு வைத்தால் 3200. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுதண்டாயின் 3200 ஐ 8 ஆல் வகுக்க 400. பெல்ட்டாயின், பல்லிடைத் தூரம் 2 மில்லிமீற்றர், கப்பிக்கு 20 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீற்றர். 3200 ஐ 40 ஆல் வகுக்க 80. சரிபாதியோ இருமடங்கோ வருகிறதென்றால், டிரைவரின் அடியிலுள்ள சிறு ஜம்பர்கள் வேறு எண்ணிக்கைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே பெரும்பாலும் காரணம்.

சிறு வித்தியாசமாயின், பழைய எண்ணைக் கேட்ட நீளத்தால் பெருக்கி, அளந்த நீளத்தால் வகுத்தால் புதிய எண் கிடைக்கும். 300 கேட்டு 299 வந்தால், 400 ஐ 300 ஆல் பெருக்கி 299 ஆல் வகுக்க 401.34. ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. திருகுதண்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைகிறதென்றால் அது கணக்குப் பிழையாக இருப்பது அரிது, எங்கோ வழுக்குகிறது. எண்ணை மாற்றி அதை மூடினால், நோயை மறைத்துக் காய்ச்சலை மட்டும் தணித்ததாகும்.

ஆ. திரும்பும்போது மட்டும் பிழை வந்தால்

எவ்வளவு தூரம் போனாலும் பிழை ஒரே அளவு. வட்டத்தில் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் சிறு தட்டை அல்லது படிக்கட்டு. இது இடைவெளிக் குறை. பழைய உழவு இயந்திரத்தின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லு திரும்புமுன் கொஞ்சம் சும்மா சுற்றுமே, அதே சங்கதி. நட் தேய்ந்திருக்கும், அல்லது தண்டின் முனையிலுள்ள பெயரிங் ஆடும், அல்லது பெல்ட் தளர்ந்திருக்கும்.

அளப்பதற்கு: இடமிருந்து வந்து 50 இல் நின்று புள்ளியிடுங்கள். பின் 60 க்குப் போய், திரும்பி 50 க்கு வந்து புள்ளியிடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இடைவெளி. தண்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நீளவாட்டில் அசைந்தால் பெயரிங்கை இறுக்கும் வளையத்தைச் சரிசெய்யுங்கள். தண்டு அசையாமல் வண்டில் மட்டும் அசைந்தால் நட் தேய்ந்தது. சுருள்வில் வைத்த இரட்டை நட் போட்டால் நீங்கும். ஜெர்பிலில் இக்குறையைக் கணக்கால் ஈடுசெய்யும் வசதி இல்லை. கையால்தான் திருத்த வேண்டும்.

இ. திடீரென வடிவம் இடம் மாறினால்

ஒரு மணி நேரம் ஒழுங்காக வெட்டிவிட்டு, திடீரெனக் கொடி ஒரு விரல் தள்ளி வளரத் தொடங்குகிறது. பெரும்பாலும் பலகையையும் பிழைப்பையும் கெடுப்பது இக்குறையே. இப்போது மதகைப் பார்ப்போம். ஐம்பது தடவை ஓட்டியபின் மோட்டர் தண்டின் கோடு தன் இடத்துக்கு வந்தும் வண்டில் வராவிட்டால், உடைப்பு மோட்டருக்குக் கீழே. கப்ளிங்கிலும் கப்பியிலும் உள்ள சிறு பூட்டு ஸ்குருக்களே முதற் சந்தேகநபர்கள். மோட்டர் தண்டில் தட்டையான ஒரு முகம் இருந்தால், ஒரு ஸ்குரு அந்த முகத்தின்மேலேயே அமர வேண்டும். பெல்ட் பொறியில் விலகல் சரியாக 2 அல்லது 4 மில்லிமீற்றர் என்று வந்தால் பெல்ட் பல் தாவியதா என்று பாருங்கள்.

மோட்டர் தண்டின் கோடே வராவிட்டால், மோட்டர் படி இழந்திருக்கிறது. இப்போது கப்ளிங்கைக் கழற்றி மோட்டரைத் தனியே ஓட்டுங்கள். தனியே ஓடி ஒழுங்காகத் திரும்பினால் சுமை அதிகம்; தனியேயும் திரும்பாவிட்டால் மின்சாரப் பக்கத்தில் குறை.

சுமை அதிகமென்றால்: மின்சாரத்தை நிறுத்தி, தண்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகினால் அங்கே தண்டு வளைந்திருக்கும், அல்லது சட்டங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. மர அழுக்கும் தடித்த கிரீசும் சேர்ந்து களியாகியிருக்கலாம். துடைத்து மெல்லிய எண்ணெய் மட்டும் இடுங்கள். வெட்டும்போது மட்டுமே இழந்தால் கூர் மழுங்கியிருக்கும், அல்லது ஆழம் அதிகம். சிறு பொறியில் 3 மில்லிமீற்றர் கூரால் முதிரை போன்ற வைர மரத்தில் ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றர் போதும். பொறுமையாக மூன்று தடவை வெட்டுவது, அவசரத்தில் ஒரு பலகையை எறிவதிலும் மலிவு.

மின்சாரப் பக்கமென்றால்: முதலில் வேகத்தையும் முடுக்கத்தையும் பாதியாகக் குறையுங்கள். $110 முதல் 112 வரை வேகம். $120 முதல் 122 வரை முடுக்கம். ஸ்டெப்பர் மோட்டரின் வலு வேகம் கூடக் கூடக் குறையும் என்பதை மறவாதீர்கள். பாதியாக்கியதும் குறை நீங்கினால், சிறிது சிறிதாக உயர்த்தி, குறை தோன்றும் எல்லைக்கு நன்கு கீழே நிறுத்துங்கள். பின் டிரைவரின் மின்னோட்டத்தைப் பாருங்கள். ஏ4988 எனும் சாதாரண டிரைவரில், அதன் சிறு திருகியில் அளக்கும் வோல்ட் அளவை, அட்டையிலுள்ள உணர்தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் அம்பியர் வரும். தடை 0.1 ஓம் என்றால் 0.8 வோல்ட் என்பது 1 அம்பியர். விசிறி இல்லாமல் அதற்கு மேல் ஏற்றுவது நல்லதன்று. குறைவாயிருந்தால் வலு போதாது. கூடினால் டிரைவர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்தி, ஆறியதும் மீண்டும் ஓடும். காலையில் ஒழுங்காக ஓடி உச்சி வெயிலில் மட்டும் படி இழக்கும் பொறிக்கு இதுவே நோயாக இருக்கக்கூடும்.

ஈ. ஆழம் மெல்ல மெல்லக் கூடினால்

பலரும் உடனே மோட்டரைச் சந்தேகிப்பர். முதலில் கூரைப் பிடிக்கும் கொலெட்டைப் பாருங்கள். மரத்தூளை மேலே தள்ளும் கூர், தளர்ந்த கொலெட்டிலிருந்து தானே கீழே இழுபட்டு இறங்கும். கூரில் பேனாவால் ஒரு கோடு இட்டு வெட்டியபின் பாருங்கள். அது சரியென்றால், வெட்டும் மோட்டரின் பாரம் மேல்-கீழ்த் திசையைக் கீழே இழுக்கிறதா என்று பாருங்கள். ஜெர்பில் வழக்கமாக அசைவு நின்ற சிறிது நேரத்தில் மோட்டர்களை விட்டுவிடும். $1 என்ற இடத்தில் 255 என்று வைத்தால் விடாமல் பிடித்திருக்கும்.

பிழை ஒவ்வொரு திசைமாற்றத்துக்கும் ஒரு சிறுபடியாக, எப்போதும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால், போர்ட்டின் துடிப்பு டிரைவருக்கு ஏற்றதாக இல்லை. $0 என்ற இடத்தில் துடிப்பின் அகலத்தைச் சற்றுக் கூட்டியும், பின் $2 இல் துடிப்பின் தலைகீழ் அமைப்பை மாற்றியும் பார்க்கலாம்.

உ. மூலை கோணலானால்

மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் கணினியைத் தொட வேண்டாம். குறுக்குச் சட்டத்தின் ஒரு பக்கம் முந்தி நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, சட்டத்தின் இரு முனைகளையும் முன் தட்டில் முட்டவைத்து, 3-4-5 கணக்கில் மூலை பார்த்து இறுக்குங்கள். ஓடாவியிடம் இதற்குப் பாடம் கேட்கலாம். அவர் எமக்கு ஆசான்.

ஊ. மோட்டர் முனகி நடுங்கி, சுற்றாமல் நின்றால்

நான்கு வயர்களில் ஒன்று அறுந்திருக்கும் அல்லது மாறியிருக்கும். மோட்டரைப் பொறியிலிருந்து கழற்றி, இரண்டு வயர்களை ஒன்றோடொன்று தொடவைத்துத் தண்டைச் சுற்றுங்கள். இறுகினால் அவையிரண்டும் ஒரே சுருளைச் சேர்ந்தவை. இவ்வாறு இரண்டு சோடிகளையும் மீற்றர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். எந்தச் சோடிக்கும் இறுகாவிட்டால் வயர் உள்ளே அறுந்தது.

எ. நடுவழியில் தானே நின்றால்

“அலாரம் 1” என்று காட்டினால், எல்லைச் சுவிட்சு அழுத்தப்பட்டதாகப் போர்ட் எண்ணியது. யாரும் அழுத்தவில்லையென்றால் வெட்டும் மோட்டரின் மின் இரைச்சல் சுவிட்சு வயருக்குள் புகுந்தது. சுவிட்சு வயரை வெட்டும் மோட்டரின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மூடியிருந்து, அழுத்தும்போது திறக்கும் வகைச் சுவிட்சுக்கு மாற்றி, $5 ஐயும் அதற்கேற்ப மாற்றுங்கள். போர்ட்டின் சுவிட்சு வாயிலுக்கும் புவி வாயிலுக்கும் இடையே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று வைத்தாலும் பயன் உண்டு. அலாரம் இல்லாமலே கணினித் தொடர்பு அறுந்தால் யு.எஸ்.பி. வயரைக் குட்டையாக்குங்கள், கணினி உறங்கிப்போகாதவாறு வையுங்கள். பொறியின் இரும்புச் சட்டமும் வெட்டும் மோட்டரும் புவியோடு இணைக்கப்பட்டிருப்பதை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள்.

6. எமது காலநிலை

வெளிநாட்டுக் கையேடுகளில் கச்சான் காற்றைப் பற்றி எழுதியிருக்காது. கச்சான் வீசும் வரண்ட மாதங்களில், தூசி உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி நிலைமின் சேரும். அது பாய்ந்தாலும் பொறி நிற்கும். குழாயின் வழியே வெறும் செப்புக் கம்பியை ஓட்டிப் புவியோடு இணைத்தால் தீரும். மாரியில் நேர் எதிர். கடற்காற்றின் உப்பும் ஈரமும் தண்டிலும் பெயரிங்கிலும் துருவையும், வயர் முனைகளில் பச்சையையும் ஏற்படுத்தும். வேலை முடிந்ததும் துடைத்து, துணியால் மூடி, மாதம் ஒருமுறை வயர் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பொறியின் மேசை மரத்தாலானதென்றால் மாரியில் உப்பும்; மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

மின்வெட்டையும் எண்ண வேண்டும். 2022 இல் நாடு முழுவதும் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் போனதும் பொறி தன் இடத்தை மறந்துவிடும். எல்லைச் சுவிட்சு உள்ள பொறி ‘ஹோம்’ கட்டளையால் தன் மூலைக்குப் போய் மீண்டும் இடமறியும். பலகையின் தொடக்கப் புள்ளியை ஜி54 எனும் நிலையில் சேமித்திருந்தால் அதுவும் அழியாது. சுவிட்சு இல்லாத பொறியில், பலகையின் வெட்டுப்படாத மூலையில் சிறு துளையொன்றைத் தொடக்கத்திலேயே இடுங்கள். கூர் அத்துளைக்குள் மீண்டும் இறங்கும் இடமே தொடக்கப் புள்ளி.

7. பணம் செலவழிக்குமுன்

கோளாறு வந்ததும் “புது மோட்டர் வாங்கு, புது போர்ட் வாங்கு” என்று சொல்வோர் பலர். ஊகத்தில் வாங்கும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் குடும்பத்தின் அரிசிப் பணம். ஆகவே இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்போம்: முதலில் இறுக்குதலும் துடைத்தலும், அவற்றுக்குச் செலவில்லை. பின் எண்களைச் சரிபார்த்தல், அதற்கும் செலவில்லை. பின் இடம்மாற்றும் சோதனை: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒழுங்காக ஓடும் திசையின் மோட்டர் வயரையும் குறையுள்ள திசையின் வயரையும் போர்ட்டில் இடம் மாற்றுங்கள். குறை மோட்டரோடு கூடவே போனால் மோட்டரிலோ வயரிலோ பிழை. பழைய வாயிலிலேயே தங்கினால் டிரைவரில் பிழை. டிரைவர் மலிவு, மோட்டர் விலை கூடியது. எதை வாங்குவதென்று இச்சோதனைக்குப் பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. பலகை கெட்டதும் பொறியை ஓட்டிய பிள்ளையின் மேலேயே குற்றம் விழுகிறது. “கவனமில்லை, படிப்பும் இல்லை” என்று வீட்டிலும் பட்டறையிலும் சொல்கிறார்கள். நிலத்தை இழந்து, ஊரை இழந்து, இதாவது கைகொடுக்கும் என்று வந்த பிள்ளைக்கு அந்தச் சொல் கனமானது. மேலே கண்ட குறைகளில் எத்தனை அவன் கவனத்தால் வந்தவை? தேய்ந்த நட்டும், தளர்ந்த ஸ்குருவும், இரைச்சல் புகுந்த வயரும் யாருடைய ஒழுக்கக் குறையும் அல்ல. கொப்பியில் எழுதும் பழக்கம் இருந்தால், பழி சொல்வதற்குப் பதிலாகக் காரணம் தேடலாம். ஒருவர் கண்ட காரணம் அடுத்த பட்டறைக்கும் போய்ச் சேரும். வீட்டிலிருக்கும் பெண்களும் இக்கணக்கையும் பதிவையும் கற்பது நல்லது. தறியில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இது கடினமன்று.

8. கூடிப் பேசுவதற்கு

சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. எமது பொறியின் படிக் கணக்கு என்ன? மோட்டர், சிறுபடி, தண்டு அல்லது கப்பி ஆகியவற்றைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கணக்கிடுங்கள். பொறியில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா?

2. கடந்த மூன்று மாதங்களில் கெட்ட பலகைகள் எத்தனை? ஒவ்வொன்றும் மேலே சொன்ன எந்த வகையைச் சேர்ந்தது?

3. ஊகத்தில் வாங்கி, பயன்படாமல் கிடக்கும் உதிரிப்பாகங்கள் யாவை? அயற்பட்டறைகளோடு மாற்றிக்கொள்ள முடியுமா?

4. பொறியைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவர் மட்டும்தானா? அவர் ஊரை விட்டுப் போனால் என்ன செய்வோம்? இன்னும் இருவருக்கு யார், எப்போது கற்பிப்பது?

செயல்: அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று சோதனைகளையும் செய்து, பென்சில் வரைந்த பலகைத் துண்டில் திகதி எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் அதனருகே புதிய துண்டொன்று தொங்கட்டும். பொறி தளர்வதை வாடிக்கையாளர் காணுமுன் நாம் காண்பதற்கு அது உதவும்.